கிழித்துப் படித்தவர்கள்

1948ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் மேற்கு பெர்லினுக்குள் செல்லும் சாலைகளையும் ரயில் பாதைகளையும் நீர்வழிகளையும் சோவியத் படைகள் அடைத்தன. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரத்துக்கு எஞ்சியிருந்த ஒரே வழி வானம். அடுத்த ஆண்டு மே மாதம் முற்றுகை விலக்கப்பட்டது; அதன் பிறகும் செப்டம்பர் இறுதிவரை விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. ஏறத்தாழ 2,77,000 பயணங்களில் 23 லட்சம் டன் சரக்கு போய்ச் சேர்ந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. 1949 ஏப்ரல் 16 அன்று மட்டும் 1,398 பயணங்கள், அதாவது கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஒன்று.

விமானிகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் வீசிய விமானியின் கதை பள்ளிப் பாடமாகவே ஆகிவிட்டது. எனக்கு ஆர்வமூட்டுவது இன்னும் கவர்ச்சியற்ற ஒரு விஷயம்: சரக்குப் பட்டியல். வெவ்வேறு நாட்டு முகாம்களிலிருந்து வந்து இறங்கிய சரக்கோடு வந்த தாள்கள் வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு வடிவங்களில், வெவ்வேறு எண்ணிக்கையிலான நகல்களோடு இருந்தன. என்ன வந்திருக்கிறது என்று தாளைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த விமானம் தலைக்கு மேல் வந்துவிடும். அமெரிக்க ராணுவத்தின் தளவாடப் பிரிவில் இருந்த எட்வர்ட் கில்பர்ட் என்பவர் சகாக்களுடன் சேர்ந்து எல்லாருக்கும் பொதுவான ஒரே பட்டியல் முறையை வகுத்தார். டெலக்ஸ், ரேடியோ, தொலைபேசி ஆகிய எதன் வழியாகவும் அதை அனுப்பலாம். எது முதலில், எது அடுத்து என்கிற வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

இதில் கணினி எங்குமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் மின்னணுத் தரவுப் பரிமாற்றம் என்றும், ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஈ.டி.ஐ. என்றும் அழைக்கப்பட்ட முறையின் சாரம் முழுக்க அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. அது ஓர் ஒழுங்கு; இயந்திரம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. அந்த ஒழுங்கு பிறந்த இடத்தில் கட்டளையிட ஒரு ராணுவமும் கீழ்ப்படிய எல்லோரும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளலாம். இந்த வரலாற்றில் அது திரும்பத் திரும்ப வரும்.

கில்பர்ட் பின்னர் டூபாண்ட் வேதிப்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தார். 1960களில் டூபாண்டுக்கும் அதன் சரக்கை ஏற்றிச்சென்ற கெமிக்கல் லீமன் டாங்கர் லாரி நிறுவனத்துக்கும் இடையில் சரக்குத் தகவல்களை மின்வழியே அனுப்பும் முறையை உருவாக்கினார். 1965இல் ஹாலந்து-அமெரிக்கா கப்பல் நிறுவனம் அட்லாண்டிக் கடந்த சரக்குப் பட்டியல்களை டெலக்ஸில் அனுப்பி, அதைத் துளையிட்ட காகித நாடாவாக்கிக் கணினிக்குள் செலுத்தியது. 1968இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையினர் ஒரு கூட்டுக் குழு அமைத்தார்கள். தலைமையேற்றவர் அதே கில்பர்ட். 1975இல் முதல் தரநிலைகள் வெளியாயின. 1979இல் அமெரிக்கத் தரநிலை அமைப்பு எல்லாத் தொழில்களுக்கும் பொதுவாக எக்ஸ்12 என்னும் குழுவை நிறுவியது. ஐரோப்பாவும் ஐ.நா.வும் தனியே நடந்து 1987இல் எடிஃபாக்ட் என்ற தரநிலைக்கு வந்துசேர்ந்தன.

அந்தச் செய்திகள் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எக்ஸ்12 முறையில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் எண். சரக்கு கேட்கும் ஆணை 850. சரக்கு கிளம்பிவிட்டது என்னும் முன்னறிவிப்பு 856. விலைப்பட்டியல் 810. 'உன் செய்தி வந்தது, வாசிக்க முடிகிறது' என்று இயந்திரம் இயந்திரத்துக்குச் சொல்லும் ஒப்புகை 997. செய்தியின் உள்ளே துண்டுகளைப் பிரிக்கப் பெரும்பாலும் நட்சத்திரக் குறிகள். பத்திகள் கிடையாது, இடைவெளி கிடையாது. உறையாக அமையும் முதல் வரி மட்டும் முடிவுக் குறியோடு சேர்த்துச் சரியாக 106 எழுத்துகள். அனுப்புபவர் அடையாளத்துக்கு 15 இடங்கள். அதைவிடச் சிறிய பெயரானால் மிச்சத்தை வெற்றிடத்தால் நிரப்ப வேண்டும். அந்த வரியில் ஆண்டுக்கு இன்றும் இரண்டு இலக்கம்தான். இரண்டாயிரமாவது ஆண்டின் பீதி வந்து போன பிறகும் அப்படியே. எடிஃபாக்டில் செய்தியின் பெயருக்கு ஆறு எழுத்துதான் இடம். ஆகவே 'இன்வாய்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஏழாவது எழுத்து வெட்டப்பட்டு, வாலில்லாமலே உலகம் சுற்றுகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் காசு கொடுத்த காலத்துச் சிக்கனம் அது. தந்தி அலுவலகத்தில் சொற்களை எண்ணி எழுதியவர்களுக்குப் புரியும்.

சிறு வணிகர் இந்தக் கதைக்குள் நுழைவது 1980களில். நுழைந்தார் என்பதைவிட இழுத்துவரப்பட்டார் என்பது பொருத்தம். டெட்ராய்ட் கார் நிறுவனங்கள் 1982இல் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பை உருவாக்கி உதிரிபாகம் தருபவர்களிடம் பொதுவான செய்தி முறையை வலியுறுத்தின. அதே தசாப்தத்தின் நடுவில் அமெரிக்க ஆடைத் தொழிலை ஆராய்ந்த கர்ட் சால்மன் ஆலோசனை நிறுவனம், நூல் நிலையிலிருந்து வாடிக்கையாளர் கைக்கு ஒரு சட்டை வந்துசேர 66 வாரங்கள் ஆவதாகவும், அவற்றில் 40 வாரங்கள் சரக்கு கிடங்கிலோ வழியிலோ சும்மா கிடப்பதாகவும் கணக்குச் சொன்னது. மற்ற நாடுகளிலிருந்து மலிவான துணி வந்து குவிந்துகொண்டிருந்த நேரம். விரைந்து ஈடுகொடுத்தால்தான் பிழைக்கலாம் என்ற முடிவுக்கு ஆலைகளும் கடைச் சங்கிலிகளும் வந்தன. கடையின் கல்லாவில் பட்டைக் கோடு படிக்கப்பட்டதும் விற்பனைத் தகவல் பின்னோக்கி ஓட வேண்டும், சரக்கு முன்னோக்கி ஓட வேண்டும். காகிதம் அந்த ஓட்டத்தில் ஒரு தடைக்கல்.

வாதத்தில் பிழையில்லை. ஆனால் 40 வாரச் சரக்கு கிடங்கிலிருந்து மறையும்போது அது எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். ஒரு பகுதி உண்மையாகவே இல்லாமல் போகிறது. இன்னொரு பகுதி, கடைக்காரர் கிடங்கிலிருந்து சரக்கு கொடுப்பவர் கிடங்குக்கு இடம் மாறுகிறது. முன்பு மாதம் ஒரு பெரிய ஆணை வந்த இடத்தில் இப்போது வாரம் ஒரு சிறிய ஆணை. அதை உடனே நிறைவேற்றுவதற்குச் சரக்கைக் கையில் வைத்திருக்கிற முதலீடு சிறியவருடையது.

பெரிய வாங்குநரை மையமாகவும் சிறியவர்களை ஆரக்கால்களாகவும் வைத்து அக்காலத்து ஆலோசகர்கள் படம் வரைந்தார்கள். மையத்திலிருந்து ஒரு கடிதம் வரும். இன்ன தேதியிலிருந்து ஆணைகள் மின்வழியே மட்டும். முடியாதவர்களிடம் கொள்முதல் தொடர இயலாது. ஆயிரம் சரக்கு வழங்குபவர்களைக் கொண்ட நிறுவனத்துக்கு இதில் சேமிப்பு மிகப் பெரிது. அந்த ஆயிரத்தில் ஒருவராக, பதினைந்து ஆட்களை வைத்து பொத்தானோ திருகோ செய்துகொண்டிருந்தவருக்கு, மாதம் வருகிற இருபது ஆணைகளைக் காகிதத்தில் வாங்குவதில் எந்தச் சிரமமும் இருந்ததில்லை. அவருக்கு இல்லாத ஒரு நோய்க்கு அவர் மருந்து வாங்கவேண்டியிருந்தது.

மருந்தின் விலையும் அப்படியே. நேரடியாக ஒரு கணினி இன்னொன்றைத் தொலைபேசி வழியே அழைத்துப் பேசலாம். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும், ஒரே வேகத்தில் பேச வேண்டும். ஆகவே இடையில் அஞ்சல் நிலையங்கள் போன்ற தனியார் வலையமைப்புகள் வந்தன. ஜெனரல் எலெக்ட்ரிக், ஐபிஎம் போன்றவை அவற்றை நடத்தின. மதிப்புக்கூட்டு வலையமைப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் 'வேன்'. (நம்மூரில் இதைக் கேட்பவர் கல்யாண வீட்டுக்கு ஆளேற்றும் வண்டியை நினைத்துக்கொள்வார், சுமையை ஏற்றி இறக்கும் வேலை என்பதால் பெரிய தவறில்லை.) அஞ்சல் பெட்டிக்கு மாத வாடகை, அதற்கு மேல் ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். அத்துடன் செய்தியை மொழிபெயர்க்கும் மென்பொருள், அதைத் தன் கணக்கு முறையோடு பொருத்தித் தர ஒரு நிபுணர், மையம் படிவத்தை மாற்றும்போதெல்லாம் அவரை மறுபடி கூப்பிடும் செலவு. பெரிய நிறுவனம் இதை லட்சம் செய்திகளுக்குப் பங்கிட்டுக்கொண்டது. சிறியவர் இருபது செய்திகளுக்குப் பங்கிட்டார்.

அவர் என்ன செய்தார்? இங்கேதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி வருகிறது. தொழிலின் உள்வட்டத்தில் 'கிழித்துப் படித்தல்' என்று பொருள்படும் ஒரு சொல்வழக்கு இருந்தது. வானொலி நிலையங்களில் டெலிபிரின்டர் கக்கும் தாளைக் கிழித்து அப்படியே செய்தியாக வாசிப்பதற்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் அது. சிறு வணிகர் செய்ததும் அதுவே. ஒரு தனிக் கணினியும் மோடமும் மலிவான மென்பொருளும் வாங்கி, அலுவலகத்தின் மூலையில் வைத்தார். காலையில் அது வேனைக் கூப்பிட்டு ஆணைகளை இறக்கும். பிரின்டர் அவற்றை அச்சடிக்கும். எழுத்தர் தாளைக் கிழித்து எடுத்துச்சென்று, அடுத்த மேஜையில் இருந்த கணக்குக் கணினியில் மறுபடியும் தட்டச்சு செய்வார். விலைப்பட்டியல் தயாரானதும் அதை அச்சடித்து, முதல் கணினிக்குத் திரும்பி வந்து, மீண்டும் தட்டச்சு செய்து அனுப்புவார்.

மறுதட்டச்சை ஒழிப்பதுதான் மின்னணுப் பரிமாற்றத்தின் முழு நோக்கமும். அது ஒழியவில்லை. பெரிய நிறுவனத்தின் மேஜையிலிருந்து சிறிய நிறுவனத்தின் மேஜைக்கு நகர்ந்தது, அங்கே இரண்டு மடங்காகவும் ஆனது. ஆலோசகர்கள் இதை ஏளனமாகவே குறிப்பிட்டார்கள். நவீனமாகத் தெரியாதவர்களின் அரைகுறைத்தனம் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதம் இருபது ஆணை வருகிற இடத்தில் இரண்டு கணினிகளை இணைக்கும் செலவைவிட எழுத்தரின் இரண்டு மணி நேரம் மலிவு என்று கணக்குப் போடத் தெரிந்தவரின் முடிவு அது. பொறியாளர்களின் படத்தில் இடம்பெறாத அந்த எழுத்தர்தான் உண்மையில் ஆரக்காலை மையத்தோடு இணைத்த ஆணி.

ஆனால் தட்டச்சில் பிழை வரும், பிழைக்கு விலை வைக்கப்பட்டது. மேலே சொன்ன 856 செய்தி, பெட்டி கிடங்குக்கு வருவதற்கு முன்பே வந்துசேர வேண்டும். எந்தப் பெட்டியில் என்ன, எத்தனை என்று சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் ஒட்டிய பட்டைக் கோட்டின் 18 இலக்க எண் செய்தியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். செய்தி தாமதமானாலும் எண் பிசகினாலும் அபராதத்தைக் கழித்துக்கொண்டே பணம் தரும் வழக்கம் அமெரிக்கப் பெருங்கடைகளில் பரவியது. சரக்கு சரியாக, நேரத்துக்கு, பழுதின்றிப் போயிருக்கும். அதைப் பற்றிய செய்தி சரியில்லை என்பதற்காகக் காசு குறையும். வணிகத்தின் நெடிய வரலாற்றில் இது புதிது என்றே நினைக்கிறேன். எடைக்கும் தரத்துக்கும் தண்டம் உண்டு. பட்டியலின் வடிவத்துக்குத் தண்டம் இதற்குமுன் அரண்மனைகளில்தான் இருந்திருக்கும்.

ஒரே தரநிலை என்பதும் ஏட்டளவில்தான். எல்லாத் தொழிலுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் குழு எதையும் விலக்காமல் நூற்றுக்கணக்கான விருப்பத் தேர்வுகளை உள்ளே வைத்தது. எதைப் பயன்படுத்துவது என்பதை ஒவ்வொரு பெரிய வாங்குநரும் தனித்தனிக் கையேடாக அச்சிட்டுக் கொடுத்தார். பத்துப் பெரிய வாடிக்கையாளர் இருந்தால் பத்துக் கையேடுகள், பத்து வகை 850. பெர்லினில் ஒழிக்கப்பட்ட குழப்பம், இலக்கண சுத்தமாகத் திரும்பி வந்தது.

இதற்கு வேறொரு பாதை இருந்திருக்க முடியாதா என்ற கேள்விக்குச் சிங்கப்பூர் ஒரு பதில். 1985இன் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அந்த அரசு வணிகச் செலவைக் குறைக்கும் வழிகளைத் தேடியது. துறைமுகமே உயிரான ஊர். ஆனால் ஒரு சரக்குக்கு இருபதுக்கும் மேற்பட்ட படிவங்கள் வரை தேவைப்பட்டன. சரக்கு முகவர்களின் எழுத்தர்கள் வர்த்தக வாரியம், சுங்கம், பிற துறைகள் என்று கவுன்டர் கவுன்டராக அலைந்தார்கள். அனுமதி கிடைக்க ஒரு நாளிலிருந்து நான்கு நாள் வரை ஆகும். 1989 ஜனவரி 1 அன்று டிரேட்நெட் இயங்கத் தொடங்கியது. படிவங்கள் ஒன்றாயின, அனுமதி நிமிடங்களில் வந்தது. எடிஃபாக்டின் இலக்கணத்தைத்தான் அவர்களும் கையாண்டார்கள். வேறுபாடு இரண்டு இடங்களில். முதலாவது, கணினியை இணைப்பதற்கு முன்பு அவர்கள் படிவத்தைக் குறைத்தார்கள். அதாவது அரசுத் துறைகள் தங்கள் தாள்களை விட்டுக்கொடுத்தன; எந்த நாட்டிலும் மிகக் கடினமான வேலை அதுதான். இரண்டாவது, கணினி வாங்க முடியாத சிறு வணிகர்களுக்காகச் சேவை மையங்கள் இருந்தன. காகிதத்தோடு போனால் அங்கிருப்பவர் கட்டணத்துக்குத் தட்டச்சு செய்து அனுப்புவார். கிழித்துப் படிப்பவரை ஒளித்துவைக்காமல் அமைப்புக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

அங்கேயும் கட்டளை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளில் டிரேட்நெட் கட்டாயமாக்கப்பட்டது. ஹாங்காங் அப்படி உத்தரவிடத் தயங்கிய இடம். அரசும் வணிகர்களும் பங்குதாரர்களாகி 1988இல் தொடங்கிய டிரேட்லிங்க் நிறுவனம் சேவையைத் திறக்க 1997 ஆயிற்று. சிறு வணிகர் மிகுந்த அந்த ஊரிலும் காகிதத்தை மின்செய்தியாக மாற்றித் தரும் கவுன்டர்கள் தவிர்க்க முடியாதவையாக இருந்தன.

சட்டம் பின்தங்கியே வந்தது. கையெழுத்தில்லாத ஆணை நீதிமன்றத்தில் நிற்குமா என்ற ஐயத்தில் வணிகர்கள் நீண்ட தனி ஒப்பந்தங்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஐ.நா.வின் வணிகச் சட்டக் குழு 1996இல் மின்வணிக மாதிரிச் சட்டத்தை ஏற்றது. வரைவு நிலையில் அதன் தலைப்பிலேயே ஈ.டி.ஐ. இருந்தது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் அந்த மாதிரியைப் பின்பற்றியதே. பிற்காலத்தில் சமூக ஊடகப் பதிவுகளுக்காகப் பேசப்பட்ட அந்தச் சட்டத்தின் வேர், இப்படிக் கப்பல் சரக்குப் பட்டியலில் போய் முடிகிறது என்பது விசித்திரம்.

இணையம் வந்தபோது விடுதலை வந்துவிட்டது என்றுதான் பலரும் எழுதினார்கள். 1998இல் எக்ஸ்.எம்.எல்., அதை வைத்து ஐ.நா. அமைப்பும் மற்றொரு கூட்டமைப்பும் சேர்ந்து 2001இல் முடித்த ஈ.பி.எக்ஸ்.எம்.எல். ஆகியவை சிறு நிறுவனங்களுக்காகவே என்று அறிவிக்கப்பட்டன. நட்சத்திரக் குறிகளுக்குப் பதில் மனிதர் வாசிக்கக்கூடிய பெயர்கள். ஆனால் பெரிய நிறுவனங்கள் ஓடிக்கொண்டிருந்த பழைய செய்திகளைக் கைவிடவில்லை. செய்தியை அப்படியே வைத்துக்கொண்டு வழியை மட்டும் மாற்றின. 2002இல் வால்மார்ட், வேனை விட்டு இணையத்தின் வழியே ஏ.எஸ்.2 என்ற பாதுகாப்பான முறையில் அனுப்புமாறு சரக்கு வழங்குபவர்களைக் கேட்டுக்கொண்டது. எழுத்துக்கு எழுத்து கட்டணம் அத்துடன் பலருக்கு ஒழிந்தது; இது உண்மையான நன்மை. அதுவும் முடியாத மிகச் சிறியவர்களுக்கு இணையப் படிவங்கள் தரப்பட்டன. வாங்குநரின் தளத்துக்குள் நுழைந்து ஆணையைப் பார்த்து, அங்கேயே விலைப்பட்டியலை நிரப்பலாம். மென்பொருள் செலவு இல்லை. தட்டச்சு மட்டும் மிச்சம்.

பிறகு மையத்தின் இடத்தில் அரசு வந்து அமர்ந்தது. டென்மார்க் 2005 பிப்ரவரி 1 முதல் அரசு அலுவலகங்களுக்கு மின் விலைப்பட்டியல் மட்டுமே என்று விதித்தது. கூடவே, சிறியவர்கள் காகிதத்தை அனுப்பினால் ஸ்கேன் செய்து மின்செய்தியாக்கும் நிலையங்களையும் ஏற்பாடு செய்தது. அந்த அனுபவமும் சேர்ந்து 2008இல் தொடங்கிய பெப்பால் என்ற ஐரோப்பியத் திட்டத்தில், யாரோடு வேண்டுமானாலும் ஒரே இணைப்பில் பேசலாம் என்ற பழைய கனவு ஓரளவு நிறைவேறியது. இத்தாலி 2019இல் தனியார் வணிகத்தையும் உள்ளே கொண்டுவந்தது. இந்தியா 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் ஜி.எஸ்.டி. மின் விலைப்பட்டியலைத் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட்டில் 5 கோடியைத் தொட்டது. இப்போது பட்டியல் முதலில் அரசின் தளத்துக்குப் போய், 64 எழுத்து அடையாளத்தைப் பெற்று, அதன் பிறகே வாங்குபவருக்குப் போகிறது. இதன் நோக்கம் கிடங்கைச் சுருக்குவதல்ல, வரி ஏய்ப்பைத் தடுப்பது. சிறு வணிகர் யாருடைய வசதிக்காகப் பேசக் கற்றுக்கொள்கிறார் என்ற கேள்விக்கு விடை மட்டும் மாறியிருக்கிறது.

கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் செய்து கொடுக்கும் என் சித்தப்பா மகன் ஒருவர் அந்த 5 கோடி வரம்பில் சிக்கியவர். சென்ற ஆண்டு அவருடைய பட்டறைக்குப் போயிருந்தேன். அவருடைய பெரிய வாடிக்கையாளரின் ஆணைகள் அந்நிறுவனத்தின் இணையத் தளத்தில் வருகின்றன. அலுவலக அறையில் ஒரு பெண், தளத்தைத் திறந்து ஆணையை அச்சடித்து, தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டேலியில் ஏற்றினார். டேலி அரசுத் தளத்துக்கு அனுப்பி எண்ணை வாங்கி வந்தது. அந்த இடத்தில் யாரும் எதையும் தட்டச்சு செய்யவில்லை. பிறகு அவர் மறுபடி வாடிக்கையாளரின் தளத்துக்குப் போய், விலைப்பட்டியல் எண், தேதி, தொகை, வரி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அடித்தார். "ஏம்மா, இதுவும் தானா போகாதா?" என்று கேட்டேன். "அதுக்கு அவங்க சொல்ற சாஃப்ட்வேர் போடணும் சார், அண்ணன் வேண்டாம்னுட்டாரு" என்றார். வேலை முடிந்ததும் ஆணைத் தாளை மேஜை மேலிருந்த கம்பியில் குத்தினார். அந்த மாதத் தாள்கள் அதில் பாதி உயரம் ஏறியிருந்தன.